அட்டையில் எழுதாத வரி

துளசிராமுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். "வண்டி பஞ்சர்னு மிஸ்கிட்ட சொல்லிடுங்க அங்கிள்" என்று பிள்ளைகள் கெஞ்சினால், சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், மிஸ் முகத்தைப் பார்த்ததும் உள்ளதை உளறிவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் நேற்றுச் சாயங்காலம் மனைவியையும் மருமகளையும் நாயையும் வேனில் ஏற்றி, "சும்மா ஒரு ராத்திரி கண்மாய்க்கரையில தங்கிட்டு வருவோம்" என்று கோச்சடையிலிருந்து பேரையூர்ப் பக்கம் கூட்டிவந்திருக்கிறார். அந்த வாக்கியத்தில் 'சும்மா' மட்டும்தான் பொய். அந்த ஒரு சொல்லே அவரைத் தூங்கவிடவில்லை.

போன வார இதழ் கைக்குக் கிடைக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருமகள் தாமரைச்செல்விக்கு ஏழாம் மாதம். வருகிற வியாழக்கிழமை வளைகாப்பு. அப்புறம் பிரசவத்துக்குத் திருமங்கலத்தில் அம்மா வீடு. அந்த அம்மா தங்கப்பொண்ணு, நாள் குறிக்க வந்த இடத்தில், காபி டம்ளரைக் கீழே வைக்காமலே ஒரு பேச்சுப் பேசிவிட்டுப் போனார்.

"இந்த நாய் இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் எம்மக பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வரமாட்டா. ஒண்ணு கலைஞ்சு, தவமா தவமிருந்து நிக்கிற பிள்ளை. சொல்லிட்டேன் சம்பந்தி."

தடுப்பூசி போட்டு வளர்க்கிற நாயால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் டாக்டர் இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. செல்வி தலையைக் குனிந்து துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். மருமகளுக்கும் அதுதான் ஆசை போலிருக்கிறது என்று மாமனார் முடிவு கட்டிக்கொண்டார். ஓசூரில் ஷிப்டுக்குப் போயிருக்கும் மகன் ராஜேஷ்குமாரிடம் சொல்லவில்லை. மனைவி சுந்தரவல்லியிடமும் சொல்லவில்லை. பேரையூருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் பழைய சிநேகிதன் சிவபாண்டிக்கு மட்டும் போன் போட்டார்.

ஆக, நாயை இங்கே விட்டுவிட்டுப் போவதற்குத்தான் இந்தப் பயணம். இது துளசிராமுக்குத் தெரியும், சிவபாண்டிக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்தபோது கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நல்ல மழை. கடைக்கோடியில் நிரம்பிய தண்ணீர் வழிந்து மறுகால் விழுகிற சத்தம் ராத்திரியெல்லாம் கேட்டது. கரைக்கு இந்தப் பக்கம் சிவபாண்டியின் இரண்டு ஏக்கர், பம்புசெட் ரூம், ஒரு வேப்பமரம். மரத்தடியில் மஞ்சள் வேன். பள்ளி வாகனம் என்ற எழுத்தை அழித்துத்தான் பெயிண்ட் அடித்தார்கள், இருந்தும் வெயில் பட்டால் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். உள்ளே சீட்டெல்லாம் கழற்றி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மரப்படுக்கை. பழைய சேலையில் சுந்தரவல்லி தைத்த திரை. பின்கதவைத் திறந்தால் கேஸ் அடுப்பு. மேலே தண்ணீர் டேங்க். ஒரு படுக்கைக்கு அடியில் கோணிச்சாக்கு விரித்த இடம், அது ரப்பருக்கு.

ரப்பர் என்பது நாயின் பெயர். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வேனைக் கூட்டும்போது கடைசி சீட்டுக்கு அடியில் கிடைத்தவன். எந்தப் பிள்ளை பையில் வைத்துக் கடத்திவந்ததோ தெரியாது. கீழே விழுந்து கிடந்த அழிரப்பர்களை ஒன்றுவிடாமல் கடித்து வைத்திருந்தான். அதனால் அந்தப் பெயர். இந்தக் குடும்பத்தில் யாரும் அவனை 'அது' என்று சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

இந்த வேன் வீடாக மாறியதும் அவனால்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்வியின் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அவளுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று கொடைக்கானலுக்குப் போனார்கள். மூன்று லாட்ஜில் நாயைப் பார்த்ததும் ரூம் இல்லை என்றார்கள். "அவனுக்கு இல்லாத ரூம் நமக்கெதுக்கு" என்று துளசிராம் வேனை ஏரிக்குப் பக்கத்தில் ஓரம்கட்டினார். சீட்டிலேயே சுருண்டு படுத்தார்கள். விடியற்காலையில் ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துச் செல்வி, இருபது நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, "பசிக்குது" என்றாள். அந்தக் காலையை இந்தக் குடும்பம் மறக்காது. பிற்பாடு பள்ளிக்கூடம் சொந்த பஸ் வாங்கி, வேன் வேலையில்லாமல் நின்றபோது, அதை விற்க யாருக்கும் மனசு வரவில்லை.

அதற்கப்புறம் கீழக்குயில்குடித் தாமரைக் குளம், அடுத்த மழைக்கு ஒரு கண்மாய், அதற்கடுத்த மழைக்கு இன்னொன்று. மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்கா பஞ்சம்? தண்ணீர் கிடக்கிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டியது, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டியது. நாயை ஏன் கூட்டிவந்தாய் என்று கண்மாய் கேட்டதில்லை.

துளசிராம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் வெள்ளை அட்டையை ஸ்டியரிங்கில் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டைக்கு ஒரு காரணம் உண்டு. இவர்கள் சௌராஷ்டிரர்கள். வெளியே மதுரைத் தமிழ், வாசலைத் தாண்டினால் வீட்டுப் பாஷை. ரப்பர் வளர்ந்தது வாசலுக்கு உள்ளே. அவனுக்கு அந்தப் பாஷை மட்டும்தான் தெரியும். தமிழில் அவனை என்ன திட்டினாலும் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டான். நாளைக்குச் சிவபாண்டி சோறு வைத்துச் "சாப்பிடுடா" என்றால் இவனுக்கு எப்படிப் புரியும்? அதனால் இடது பக்கம் சொல்லின் ஒலி தமிழ் எழுத்தில், வலது பக்கம் அர்த்தம். வா. உட்கார். சாப்பிடு. வேண்டாம். விடு. தள்ளிப்போ. படு. சத்தம் போடாதே. நல்ல பையன். ஒன்பது வரி.

அந்தச் சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு அந்த மொழி தெரியாது. தப்பாக எழுதி மஹால் பக்கத்துச் சௌராஷ்டிர வாசகிகளிடம் கடிதத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை.

பத்தாவது வரிக்கு எண் போட்டார். பேனா நின்றது. "வீட்டுக்குப் போலாம்" என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கண்மாயிலும் பாத்திரம் கழுவி, அடுப்பை அணைத்து, கடைசியில் துளசிராம் அதைச் சொல்வார். ரப்பர் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்து தாவி ஏறி, தன் சாக்கில் போய் உட்கார்ந்துகொள்வான். அதை எழுதிக்கொடுத்து, சிவபாண்டி சொல்லி, இவன் ஓடிவந்து, வேன் இல்லாத மரத்தடியைப் பார்த்து நின்றால்?

பத்து என்ற எண்ணை அடித்துவிட்டு அட்டையை டேஷ்போர்டில் திணித்தார்.

"என்னங்க, டீ ஆறுது" என்றாள் சுந்தரவல்லி.

"வாரேன்."

"ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தீங்க. கொசுவலை கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. மறுகால் சத்தம்."

இரண்டாவது பொய்.

எட்டு மணிக்குச் சிவபாண்டி தூக்குவாளியில் பாலோடு வந்தான். கோச்சடை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் மனைவிக்கு வலி கண்ட விடியற்காலையில் அவன் ஆட்டோ கிளம்பாமல் அடம்பிடித்தபோது, பிள்ளைகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்த மஞ்சள் வேன்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். சிவபாண்டி அதை மறக்கிற ஆள் இல்லை.

"நீங்க ஒரு யானையக் கொண்டாந்து விட்டாலும் வச்சு வளப்பேண்ணே" என்று போனிலேயே சொல்லியிருந்தான்.

துளசிராம் ரப்பரைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போனார். "குளிப்பாட்டவா? அந்தப் படித்துறைப் பக்கம் வேணாம்ணே, பொம்பளையாளுக குளிக்கிற எடம். மாடு எறங்குற பக்கம் விடுங்க" என்று வழி காட்டினான்.

ரப்பர் விட்டால் போதும் என்று பாய்ந்தான். நீர்க்கோழிகள் அலறிக்கொண்டு கோரைக்குள் ஓடின. நீந்தினான், திரும்பினான், கரையேறி எல்லார் மேலும் உடம்பை உதறினான். வேனின் பின்கதவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துளசிராம் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இவளுக்காகத்தானே இவ்வளவும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஆகவில்லை.

சிவபாண்டி ஒத்திகை பார்க்க ஆரம்பித்தான்.

"ஏலே ரப்பரு, இங்க வாடா."

ரப்பர் வானத்தைப் பார்த்தான்.

"அட வாடாங்கிறேன். இந்தா, எலும்பு."

எலும்பைப் பார்த்தான். பிறகு சுந்தரவல்லியைப் பார்த்தான். அவள் தன் பாஷையில் ஒரு சொல் சொன்னதும் போய் வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே இது, உத்தரவு வாங்கிட்டுத் திங்குது! ஒரு மாசமாவது ஆகும்போல பழக" என்றான் சிவபாண்டி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுந்தரவல்லி திரும்பிப் பார்த்தாள். "எதுக்குப் பழகணும்?"

"சும்மா சொன்னேன் மதினி" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டான்.

சுந்தரவல்லி சந்தேகத்தை உடனே கேட்கிறவள் இல்லை, அரிசி களைந்துகொண்டே யோசிக்கிறவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உப்பு டப்பாவைத் தேடிப் படுக்கைக்கு அடியில் கையை விட்டாள். ரப்பரின் தட்டு வந்தது. அது வரவேண்டியதுதான். அதன் பின்னால் குளிர்காலப் போர்வை, சீப்பு, மிச்ச மாத்திரை, தடுப்பூசி நோட்டு. ஒரு ராத்திரிக்குத் தடுப்பூசி நோட்டு எதற்கு?

செல்வி சாப்பிட்டுப் படுத்த பிறகு, கரைமேல் போய் நின்ற புருஷனிடம் போனாள். பேச்சு அவர்கள் பாஷையில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

"அவனை இங்க விடப் போறீங்களா?"

துளசிராம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பொய்க்குத் தெம்பில்லை.

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் விடமாட்டேன். விடலைன்னா அந்தப் பொண்ணு பிள்ளையோட வராது."

"செல்வி சொன்னாளா?"

"அவங்க அம்மா சொன்னப்ப அவ வாயே தொறக்கலையே வல்லி. 'வேணாம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. வேற எப்படி எடுத்துக்கச் சொல்றே?"

சுந்தரவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அன்றைக்கு அதுதான் தோன்றியது. நாலு வருஷமாக மருமகளுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாதே என்று, அவள் இருக்கிற இடத்தில் எல்லாரும் தமிழிலேயே பேசிப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள். அப்படி நடந்ததாலேயே அவள் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்கிற உரிமை மட்டும் வராமலே போய்விட்டது. பேரப்பிள்ளையை ஒரு கையிலும் ரப்பரை ஒரு கையிலும் வைத்து எடைபோடச் சொன்னால் சுந்தரவல்லி என்னதான் செய்வாள்?

"சிவபாண்டி அடிக்கமாட்டாருல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"மாட்டான்."

"வெறும் சோறு வச்சா தின்ன மாட்டான். கொஞ்சம் மோர் ஊத்தணும்."

"சொல்லிட்டேன்" என்றார் துளசிராம்.

வேனுக்குள் செல்வி தூங்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டேஷ்போர்டில் வைத்த ஞாபகம். துழாவினாள். அட்டை வந்தது.

முதல் வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. மாமா எதற்கு இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்? நான்காவது வரியில் சிரிப்பு நின்றது. ஒன்பதாவது வரி படித்து முடிப்பதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் சிவபாண்டி சொன்ன 'ஒரு மாசமாவது ஆகும்' உட்பட.

அவள் அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த அதே மாதம்தான் ரப்பரும் வந்தான். காதல் கல்யாணம். ராஜேஷ் வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்குப் புரியாத பேச்சுத்தான் நாலு சுவருக்குள்ளும். அவள் அடுப்படிக்குள் வந்தால் அத்தை சட்டென்று தமிழுக்கு மாறிவிடுவாள். அந்த மரியாதையே அவளைத் தினமும் விருந்தாளி ஆக்கியது. ஆனால் நாய்க்குட்டியிடம் யாரும் தமிழுக்கு மாறவில்லை. தட்டை வைத்து ஒரு சொல், செருப்பைக் கவ்வினால் ஒரு சொல், மடியில் ஏறினால் ஒரு சொல். குட்டி கற்றுக்கொண்டான். கதவோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகளும் கற்றுக்கொண்டாள். குட்டி அந்த ஒரு டஜன் சொல்லோடு நிறுத்திக்கொண்டான். மருமகள் நிறுத்தவில்லை.

அட்டையை இன்னொரு முறை பார்த்தாள். அடித்த ஒரு எண், அதற்குப் பக்கத்தில் வெற்றிடம். எந்த வரி அது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மாமா ஏன் எழுதவில்லை என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இது அவர்கள் எடுத்த முடிவு. இதில் குறுக்கே பேச நான் யார்? அம்மா என்ன சொல்வாள்? அவர்கள் பாஷையில் நான் வாய் திறந்து தப்பாக வந்துவிட்டால்?

வயிற்றுக்குள் பிள்ளை ஒரு உதை விட்டது.

நான்கு மணிக்குப் பாத்திரங்கள் கழுவியாயிற்று. அடுப்பு அணைந்தது. நாற்காலிகள் மடங்கின. ரப்பர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துளசிராமைச் சுற்றிச் சுற்றி வந்தான். அடுத்து வரவேண்டிய சொல் அவனுக்குத் தெரியும்.

துளசிராம் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. குனிந்து கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கோத்தார். கயிற்றின் மறுமுனையைச் சிவபாண்டியிடம் கொடுத்தார்.

"மோர் ஊத்திக் குடு."

"குடுக்கிறேண்ணே. நீங்க திரும்பிப் பாக்காமப் போங்க."

துளசிராம் ரப்பரின் தலையில் கை வைத்தார். "உன்னால எங்க வீட்டுக்கு நல்லதுதாண்டா நடந்துச்சு. மன்னிச்சுக்க" என்று தன் பாஷையில் சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். சுந்தரவல்லி ஏற்கெனவே உள்ளே திரைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்ஜின் கிளம்பியது.

ரப்பர் குரைக்கவில்லை. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றான். இன்னும் சொல் வரவில்லையே என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.

பக்கக் கதவு தடாரென்று திறந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு செல்வி படியில் நின்றாள். ரப்பரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள். வீட்டுக்குப் போலாம் என்று, அவர்கள் பாஷையில், சத்தமாக. திருமங்கலத்து நாக்கில் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

ரப்பருக்கு அந்தக் கோணல் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரே பாய்ச்சல். கயிற்றைச் சிவபாண்டி விட்டானா, கயிறு நழுவியதா என்று அவன் இன்றுவரை சொல்லவில்லை. வேனுக்குள் தாவி, சுந்தரவல்லியின் மடியை மிதித்து, தன் சாக்கில் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

துளசிராம் இன்ஜினை அணைத்தார்.

முதலில் வாய் திறந்தவள் சுந்தரவல்லி. "உனக்கு... எங்க பேச்சு தெரியுமா செல்வி?"

"தெரியும் அத்தை. மொத வருசமே."

"யாரு சொல்லிக்குடுத்தா? ராஜேஷா?"

"அவரு எங்க சொல்லிக்குடுத்தாரு! நீங்கதான். இவனுக்குச் சொல்லிக்குடுத்தீங்க, நானும் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேன். நானும் இவனும் ஒரே வகுப்பு."

சுந்தரவல்லியின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வெளிறியது. "அப்ப நான் அடுப்படியில அவன்கிட்டப் பேசிக்கிட்டு இருப்பேனே... அதெல்லாம்?"

"எல்லாம்."

"சாம்பாரு?"

"'திருமங்கலத்துக்காரி சாம்பாருல புளிதான் இருக்கு, உப்பு இல்ல'ன்னு சொன்னீங்களே, அது வரைக்கும்."

"ஐயோ!" என்று சுந்தரவல்லி திரைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்றைய நாளில் முதல் தடவையாகத் துளசிராம் சிரித்தார்.

செல்வி படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "இன்னொண்ணும் கேட்டேன் அத்தை. மொதப் பிள்ளை போனப்ப, இருபது நாளு நான் யாருகிட்டயும் பேசாமக் கிடந்தேன்ல, அப்ப ஒரு நாளு நீங்க இவன்கிட்டச் சொன்னீங்க. 'எம்மகளா இருந்தா எம்மடியில விழுந்து அழுதிருப்பா. இவ அழமாட்டேங்கிறாடா. என்னால கிட்டப் போக முடியல. நீயாவது அவ பக்கத்துல போய்ப் படு'ன்னு. அவன் வந்து எங்காலடியில படுத்தான். அந்த ராத்திரிதான் நான் அழுதேன். அதுக்கப்புறந்தான் பொழச்சேன். உங்க ரெண்டு பேரையும் நான் எப்படி மறப்பேன்?"

சுந்தரவல்லி எழுந்து வந்து மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நாளு ஏம்மா பேசல?" என்றார் துளசிராம்.

"தப்பா வந்துருமோன்னு கூச்சம் மாமா. அப்புறம், எனக்குப் புரியும்னு தெரிஞ்சா அத்தை இவன்கிட்டப் பேசுறதையே நிறுத்திருவாங்கன்னு பயம்."

"அன்னைக்கு உங்க அம்மா பேசுனப்பவும் சும்மா இருந்தியே?"

"நீங்க யாராவது முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் துளசிராம். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். கடவுளுக்குச் சொன்னாரா, கண்மாய்க்குச் சொன்னாரா, நன்றி என்று ஒரு சொல் மட்டும் கேட்டது.

செல்வி அட்டையை நீட்டினாள். "ஒரு வரி விட்டுட்டீங்க மாமா."

"தெரிஞ்சுதாம்மா விட்டேன்."

சிவபாண்டி வெறும் கையோடு ஜன்னலருகே வந்தான். "அந்த அட்டைய எங்கிட்டக் குடுங்கண்ணே. அடுத்த மழைக்கு வருவீகல்ல, அதுக்குள்ள படிச்சு வச்சிருக்கேன். எலும்பக் குடுக்கக்கூட மதினிகிட்ட உத்தரவு கேக்க வேண்டியிருக்கு." வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகும்போது தூக்குவாளி நிறைய மோர் கொடுத்தான். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வேன் கல்லுப்பட்டியைத் தாண்டும்போது வெயில் இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய வயல். சுந்தரவல்லி மருமகளோடு வீட்டுப் பாஷையிலேயே பேசிக்கொண்டு வந்தாள். செல்வி தப்பும் தவறுமாகப் பதில் சொன்னாள். ஒவ்வொரு தப்புக்கும் சிரிப்பு. ரப்பர் அவள் காலடியில் தூங்கிப்போனான்.

செல்வியின் போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கடி போயிட்டீக எல்லாரும்? வளவி வாங்கிட்டு, அப்டியே ஒன்னயப் பாத்துட்டுப் போவோம்னு கோச்சடைக்கு வந்தேன். வீடு பூட்டிக்கிடக்கு."

"வந்துக்கிட்டே இருக்கோம்மா. இன்னும் ஒரு மணி நேரம்."

"ஆமா, கேட்டத் தொட்டா அந்த நாயி கத்துமே, சத்தத்தையே காணோம். கொண்டுபோய் விட்டுட்டாகளா?" தங்கப்பொண்ணுவின் குரல் இளகியது. "நல்ல மனுசருடி ஒன் மாமனாரு. நான் அம்புட்டுப் பேசியும் ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அவருக்குக் கோடி நன்றி சொல்லணும்."

கண்ணாடியில் துளசிராமின் கண் மருமகளைப் பார்த்தது. அன்றைக்குக் கூடத்தில் விழுந்த அதே மௌனம். இந்தத் தடவை செல்வியின் விரல் துப்பட்டாவைத் தேடவில்லை.

"விடலம்மா. அவனும் எங்ககூடத்தான் வாரான். நீ கிளம்பிராத, வாசல்லயே உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பக்கம் வளையல் பை உரசுகிற சத்தம் கேட்டது. அம்மா உட்காருகிறாளா, கிளம்புகிறாளா என்று செல்விக்குத் தெரியவில்லை.